நகராத வண்டி

சீட்டு எடுத்ததில் தள்ளுபடி போக
கையில் அறுபத்தெட்டாயிரம்.
டவுன்ஹால் ரோட்டு மாடிக்கடையில்
மூன்றாம் முறையாக வந்து நிற்கிறேன்.
மடிக்கணினி, மேசைக்கணினி,
டிவியில் சொருகி ஆடும் கருப்புப் பெட்டி.
ஆர்சி புக்கை எடு என்கிற செக்போஸ்ட் மாதிரி
மூன்றும் என்னைப் பார்க்கின்றன.

"என்ன கேம் ஆடுவீகண்ணே?"
கடைப்பையன் ஜியாவுதீன்தான் கேட்டான்.
போன இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை.
சொல்ல நாக்குக் கூசியது.
"லாரி ஓட்டுற கேம், தம்பி."

அவன் சிரிக்கவில்லை.
என் காக்கிச் சட்டையைப் பார்த்தான்,
உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்தான்,
"அதுக்குத் தனியா ஸ்டியரிங்கே இருக்கு"
என்றான் மெதுவாக.

பரவை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறவன் நான்.
"பகலெல்லாம் ஓட்டிக்கிருக்கறது பத்தலையா?"
பஞ்சவர்ணம் கேட்டது நியாயம்தான்.
அவளுக்கு எப்படிச் சொல்ல,
அந்தச் சாலையில் பனி பெய்கிறது.
யாரும் ஆரன் அடிப்பதில்லை.
ஏற்றிய சரக்கு அழுகுவதில்லை.
பாலத்திலிருந்து கவிழ்ந்தாலும்
ஒரு பட்டனைத் தட்டினால் நிமிர்ந்துவிடும் வண்டி.
கொட்டாம்பட்டி வளைவில்
அப்படி ஒரு பட்டன் இல்லை.
கிளீனர் பையன் இன்னும்
இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

"லேப்டாப்னா கூடவே வரும்ணே.
ஒட்டன்சத்திரத்துல லோடு ஏத்துற வரைக்கும்
கேபின்லயே உக்காந்து ஆடலாம்.
சூடாகும், அது ஒண்ணுதான்."
கூடவே வரும்.
மனசு ஒரு கியர் ஏறியது.
கேபினுக்குள் உட்கார்ந்து
இன்னொரு கேபினைப் பார்ப்பதா?
தானே இறங்கியது.

கருப்புப் பெட்டிக்கு ஒரு சோலியும் இல்லையாம்,
சொருகினால் ஆடலாம், சோபாவில் சாயலாம்.
எங்கள் வீட்டில் சோபா இல்லை.
டிவியோ ஏழிலிருந்து பத்துவரை எனக்கில்லை.
ஒரு கேம் நாலாயிரம் என்றான்,
பின் டயர் ஒன்றை ரீட்ரேட் பண்ணிவிடலாம்.

பிறகு மேசைக்கணினியின் பக்கப்பலகையைக் கழற்றினான்.
பானட்டைத் தூக்கிய மாதிரி இருந்தது.
இது ஃபேன், இது காற்று போகிற வழி,
எது பழுதோ அதை மட்டும் மாற்றலாம்.
இரண்டு நாளாகப் புரியாத பாஷை
எனக்குச் சட்டென்று புரிந்தது.

ஆனால் வில்லாபுரத்து வாடகை வீட்டில்
எர்த் உள்ள பிளக்கு ஒன்றே ஒன்று.
அதில் பிரிட்ஜ்.
யூனிட்டுக்கு எட்டு ரூபாய்
வீட்டுக்காரர் கணக்கு.
கரண்ட் போனால்
பனிச்சாலையும் பாதியில் போய்விடும்.

படியோரம் நின்று போன் போட்டேன்.
எல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டாள்:
"மூணுல எது நகராது?"
"பெருசு. வச்ச எடத்துல கெடக்கும்."
"அப்ப அத வாங்குங்க."
அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது.
"பிளக்குக்கு எலக்ட்ரீசியன வரச்சொல்றேன்.
ஸ்டியரிங் இப்ப வேணாம்,
அடுத்த சீட்டுக்குப் பாக்கலாம்."

தார்ப்பாய் விரித்து,
தக்காளிக் கூடை கட்டும் அதே கயிற்றால்
மூன்று சுற்றுக் கட்டினேன்.
காலி வண்டியில் இரண்டே அட்டைப்பெட்டி.
தெற்குவாசல் பாலத்தில் இருபதில் ஏறி
இருபதில் இறங்கினேன்.
வேகத்தடை ஒவ்வொன்றிலும் நின்றே தாண்டினேன்,
எந்தத் தக்காளிக்கும் தராத மரியாதை.

பின்னால் ஷேர் ஆட்டோக்காரன்
ஆரனிலேயே படுத்துவிட்டான்.
அடிக்கட்டும்.