வருத்தம் விதைக்கிற மிஸ்

தம்பலகாமத்தில் எனக்கு அதுதான் பட்டம்.
பொய்யில்லை.
எரிபந்தம் பிடித்த இலைகளைப் பொறுக்கி
ஆய்வுகூடத்து மிக்ஸியில் அரைத்து
பொழுதுபட நாற்றுக்குத் தெளித்து
பொலித்தீனால் மூடி
விடியும்வரை ஈரம் காயாமல் காவலிருந்தவள் நான்.
எது சாகாது என்று தெரிய
எல்லாவற்றையும் சாகக் கொடுக்கவேண்டும்.

முதல்நாள் பின்னேரம்
உமியின் நுனி வெட்டி
ஆறு மகரந்தப் பையையும் இடுக்கியால் எடுத்த பூவுக்கு
மறுநாள் பத்து மணிக்கு
அடுத்த பாத்தியிலிருந்து மாப்பிள்ளை.
கச்சான் அடிக்கிற மாதம்.
சேலைத் தலைப்பை விரித்து மறைத்துக்கொண்டு
தும்மலை அடக்கிக்கொண்டு
ஒவ்வொரு கதிராய்.

தொண்ணூற்றேழில் சோதனைச்சாவடியில்
நூற்று நாற்பது உறைகளையும் மேசையில் கொட்டினான் ஒருவன்.
'மேவா மொனவாத?'
'வீ' என்றேன்.
ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தான்,
அவனும் வயற்காரன் பிள்ளைபோல.
பிறகு எல்லாவற்றையும் ஒரே பையில் வழித்துப் போட்டு
போ என்றான்.
அந்தக் கலப்பிலிருந்துதான்
பின்னாளில் வென்ற நெல் வந்தது என்று எழுதினால்
நல்லாயிருக்கும்.
வரவில்லை.
மூன்று வருஷம் போனது, அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷத்தில் ஒன்று தேறியது.
திணைக்களம் அதற்கு ஓர் இலக்கம் கொடுத்தது.
கிண்ணியாவில் யாரோ
கண்ணாடிக்காரி என்று கூப்பிட
அதுவே நின்றுவிட்டது.
'கண்ணாடிக்காரி ரெண்டு மூடை போடுங்க.'
கடை வாசலில், என் காதுபடவே.

நாலு பெரும்போகம்.
ஐந்தாவதில்
நான் பென்சன் எடுத்து ஒன்பதாம் மாதம்
காசிம்பாவா போன் எடுத்தார்:
'மிஸ், கண்ணாடிக்காரிக்குக் கண் வந்திருக்கு.'

முள்ளிப்பொத்தானையில் பஸ்ஸை விட்டு இறங்கி
வரம்பில் முழங்காலிட்டேன்.
இரு முனையும் கூர்த்த கண்.
நடுவில் சாம்பல், ஓரத்தில் மண்ணிறம்.
வில்லை தேவைப்படவில்லை.
எனக்குப் பத்தொன்பது வருஷம் எடுத்த பாடத்தை
நாலு போகத்தில் படித்து முடித்த பங்கசு.
கோபம்தான் வந்திருக்கவேண்டும்.
கெட்டிக்காரப் பிள்ளையின் விடைத்தாளைப் பார்த்த மாதிரி
வேறேதோ வந்தது.
வெட்கமாயிருந்தது.
காசிம்பாவா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
அவருக்கு வங்கிக்கடன்.
எனக்குப் பென்சன்.

கைப்பையில் உறை இல்லை.
பஸ் டிக்கெட்டை மடித்து
அதற்குள் இலையை வைத்தேன்.
வயல். திகதி.
இனம் என்ற இடத்தில் இலக்கத்தை எழுதத் தொடங்கி
வெட்டிவிட்டு
கண்ணாடிக்காரி என்றே எழுதினேன்.