இருபத்தைந்தரை

தன் இழுப்பைத் தானே அளக்க முடியாது.
நாண் வாய்க்கடைக்கு வந்த பிறகு
இரண்டு கையும் வேலையில்.
எண்ணைப் பார்க்கக் கண் தாழ்ந்தால் கழுத்தும் தாழும்,
கழுத்துத் தாழ்ந்தால் அரை அங்குலம் பொய்.
மூன்றாவதாய் ஒரு கை வேண்டும்,
அதில் ஒரு பென்சில்.

ஹெக்ஸமில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு,
என் வீட்டில் மூன்றாவது கை இல்லை.

நடுவிரல் நுனிகளில் சுண்ணாம்பு தொட்டு
கொட்டில் சுவரோடு கைவிரித்து நின்றேன்.
புள்ளிக்குப் புள்ளி அறுபத்தெட்டு.
இரண்டரையால் வகுக்க இருபத்தேழும் கொசுறும்.
கணக்கு எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்,
முகம் பாராமல்.

கவ்வியில் ஆஷ் மரம் கிடக்கிறது,
இன்னும் வளையத் தெரியாத முதுகோடு.
எவ்வளவு இழுப்பேன் என்று சொல்லாமல்
அதன் மேல் சீவுளி வைக்கக் கூடாது.
கேட்கப் போகாத தூரத்துக்குப் பழக்கினால் வலு வீண்.
பழக்காத தூரத்துக்குக் கேட்டால்
படார், இரண்டு விறகு.

தபால்காரி வந்தாள். சிவப்பு வேன்,
மழையிலும் அரைக்காற்சட்டை.
பொதிக்குள் மெழுகிட்ட லினன் நூல்;
மேலே என் பெயர், இடம் போதாமல்
'குலசிங்' என்பதோடு நின்றிருந்தது.
"கையெழுத்து" என்றாள்.
"ஒரு கோடு" என்றேன் நான்.

ஐல்சா ராப்சனுக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி.
இருந்தும் உள்ளே வந்தாள்,
காதில் செருகிய பென்சிலோடு.

இரவல் வில், பதினைந்து றாத்தல், பிள்ளைகள் இழுப்பது.
முனையில்லாத நீள அம்பு.
இழுத்தேன். விரல் வாய்க்கடையில்.
வில்லின் வெளிமுகம் அம்பைக் கடக்கும் இடத்தில்
கோடு போட்டாள்: இருபத்தாறே முக்கால்.
"சிரிக்கிறீங்க. வாய் நகருது. இன்னொரு தரம்."

யாரோ பார்க்கிறார்கள் என்றால்
நெஞ்சு தன் பாட்டில் அகலும்.
அடுத்தது இருபத்தைந்தே முக்கால்.
அதற்கடுத்தது இருபத்தைந்தரை.
"ஒரே இடத்தில் இரண்டு தரம் விழட்டும்,
அப்புறம் நம்புறேன்."
விழுந்தது.

கணக்குக்கும் எனக்கும் நடுவே
ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அங்குலம்.
எங்கே போச்சு என்று கேட்டாள்.
பத்தொன்பது வருடம் பேருந்தின் ஸ்டியரிங்கைக்
கட்டிப்பிடித்த தோள், என்றேன்.
ஹால்ட்விசில் நிறுத்தத்தில் பனியில் வழுக்கிய அன்று
ஒரு கால் அங்குலம், என்றேன்.
மீதியைச் சொல்லவில்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனாள்.

இரண்டு கிழமை சீவினேன்.
கயிறு, கப்பி, பின்சுவரில் எண்கள்,
இருபத்தைந்தரையில் ஒரு சிவப்பு நூல்.
இடது கிளை விறைத்தது; பத்துச் சுரண்டல்,
முப்பது இழுப்பு, தள்ளி நின்று பார்.
வலது கிளை அவசரப்பட்டது; அதைத் தொடவில்லை.
சிவப்பு நூலுக்கு அப்பால்
ஒரு நாளும், சும்மா பார்ப்பதற்குக்கூட, போகவில்லை.
நாற்பது றாத்தலில் நின்றது.

காஸ் பில்லோடு வந்தவள்
இழுத்துப் பார்க்கலாமா என்றாள்.
உயரமானவள். நூலளவு வந்ததும்
"போதும்" என்று கத்திவிட்டேன்.
அவள் முழங்கைக்கு இன்னும் வழி இருந்தது.
"எனக்கு இன்னும் வருதே."
"மரத்துக்கு வராது."
மெல்ல, மிக மெல்ல, நாணை இறக்கினாள்,
தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல்.
எத்தனை பேருக்கு அது வரும்?

பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினாள்.
நீள அம்பு, இரவல் வில், அவள் தாடை.
சிரிக்கவில்லை. மூச்சைப் பிடித்திருந்தாள்.
மூன்று தரம், மூன்றும் ஒரே இடத்தில்:
இருபத்தெட்டரை.

அதற்கு வேறு மரம் வேண்டும், நீளமாய்.
தனக்கொன்று செய்து தா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டாள் என்று நான் சொல்லவுமில்லை.
டைன் ஆற்றங்கரையில், போன புயலில் சாய்ந்த
ஆஷ் ஒன்று கிடக்கிறது.
யாருடைய நிலம் என்று விசாரிக்க வேண்டும்.