ஆறும் வரை

ஜூலையில் வாங்கினேன், வெள்ளை ஹோண்டா ஃபிட்,
வலப்பக்க ஸ்டீயரிங்,
ஜப்பானில் பதினாறு வருடம் ஓடிவிட்டு
பிஷ்கெக்கில் என் கைக்கு வந்தது.
விற்ற பாகிட் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்:
"எல்லாம் நிரம்பித்தான் இருக்கு, பெகிமாய்."

நிரம்பியிருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு.
பல் செட் கட்டிப் பிழைக்கிற எனக்கு
இது தெரிந்திருக்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து நின்ற முதல் ஞாயிறு
பிடித்துப்போனது கண்ணாடி கழுவும் நீர்தான்.
நீல மூடி, சின்னப் படம், ஊற்றினால் நிரம்பும்.
அந்த மாதம் அதையே மூன்று முறை நிரப்பினேன்.
என்ஜின் ஆயில் அவ்வளவு சுலபமாகப் பழகவில்லை.
கம்பியை உருவு, துடை, திரும்ப விடு, திரும்ப உருவு.
முதல் தடவை அது சொல்வதை நம்பக் கூடாது.
பவர் ஸ்டீயரிங் ஆயிலின் மூடியைத் தேடி
அரைமணி நேரம் குனிந்து கிடந்தேன்.
இந்தக் காரில் அது கிடையாதாம்.
மின்சாரம் திருப்புகிறது.
ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை, கொதித்துக்கொண்டிருந்தது.
பயம் சில நேரம்
படித்தவள் மாதிரி நடந்துகொள்ளும்.

பின்சுவர் ஓரம் ஒரு குட்டி டப்பா,
உள்ளே பழைய டீ நிறத்தில் ஏதோ.
மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் நின்றது.
சரி என்று பானெட்டை மூடினேன்.

ஆகஸ்ட் கடைசியில் சூசமிர்.
ஆய்வகத்தில் எட்டுப் பேர் சொல்லியனுப்பிய குமிஸ்,
முப்பது லிட்டர், பின்சீட் முழுக்க.
"மூடியைத் தளர்த்தி வை, இல்லாட்டி வெடிக்கும்"
என்றாள் குதிரைக்காரி.
தளர்த்தினேன்.

தோ-அஷூ சுரங்கம் முடிந்ததும்
சாலைக்கு ஒரே எண்ணம்தான், இறங்குவது.
வளைவு, பிரேக். வளைவு, பிரேக்.
ஒன்பதாவதோ பத்தாவதோ,
பெடல் ஈரப் பஞ்சாகிவிட்டது.
மிதித்தேன்,
தரைவரை போனது கால்,
கார் தன்பாட்டுக்குப் போனது.
முன்னால் ஒரு நிலக்கரி லாரியின் முதுகு
மெல்ல மெல்லக்
கண்ணாடி அளவுக்கு வந்தது.

கியரை எல்லுக்கு இழுத்தேன், என்ஜின் அலறியது.
கைப்பிரேக்கைப் பல் பல்லாக ஏற்றினேன்.
என் பக்கச் சக்கரங்கள் சரளையில் ஏறி
நின்றது.
லாரி போய்விட்டது. அதற்கு எதுவும் தெரியாது.
பின்சீட்டிலிருந்து குமிஸ் வழிந்து
என் செருப்பைத் தேடி வந்தது.

நாற்பது நிமிடம்.
ஆறியதும் பெடல் திரும்பி வந்தது,
கெட்டியாக, ஒன்றுமே நடக்காத மாதிரி.
அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது.
எல் கியரில் நடைவேகத்தில் இறங்கினேன்.
பின்னால் வந்த ஹாரன்களின் வசவை எல்லாம்
வாங்கிக்கொண்டேன்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணமாம்.
காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும்,
வருடக்கணக்கில், சத்தமில்லாமல்.
கோட்டைப் பார்த்தால் தெரியாது.
சூடேறினால் குடித்த தண்ணீர் கொதிக்கும்,
ஆவியாகும்.
ஆவியை எவ்வளவு மிதித்தாலும் நசுங்கிக் கொடுக்கும்.
சக்கரத்துக்குச் சேதி போகாது.

இப்போது என் வரிசை வேறு.
சுலபமாகத் திறக்கிற மூடி முதலில் என்பது போயிற்று.
ஒவ்வொன்றிடமும் கேட்கிறேன்,
நீ கைவிட்டால் என்ன போகும்?
கூலன்ட் சொல்கிறது, பயணம்.
ஆயில் சொல்கிறது, என்ஜின், உன் ஆறுமாதச் சம்பளம்.
கண்ணாடி நீர், பாவம், கடைசியில் நிற்கிறது,
டிசம்பர் சேறு வந்தால் முன்னே வரும், தெரியும்.
குட்டி டப்பா பதில் சொல்வதில்லை.
அதை முதலில் எழுதியிருக்கிறேன்,
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தேதியோடு.

மெக்கானிக் பழையதை வடித்தபோது
பிடிக்கப் பாத்திரம் இல்லை.
காலியான குமிஸ் பாட்டில் ஒன்றைக் கொடுத்தேன்.
கறுப்பாக, அரை லிட்டர்.
இந்த முறை மூடியை இறுக்கினேன்.
மேலே பெரிய எழுத்தில் எழுதினேன்,
குடிக்காதே.
ஆய்வகத்து எட்டுப் பேருக்கா, அதற்கேவா,
எழுதும்போது யோசிக்கவில்லை.