சோல்

மாவிஸ் பெரைரா பாடுமுன்
மைக்கைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை.
பதினோரு வருடம்.
அவள் உதட்டுச் சாயம் கம்பிவலையில் ஒட்டிக்கொள்ளும்.
மறுநாள் வியாசர்பாடிக் காதுகுத்தில்
அதே மைக்கில் மொய்ப்பட்டியல் வாசித்த தாய்மாமன்
வாயில் சிவப்போடு வீட்டுக்குப் போனார்.
அதற்கு நான் வாங்கியது தனிக்கதை.

பெரம்பூர் ரயில்வே மன்றம், சனிக்கிழமை.
லோகோ ஒர்க்ஸ் சங்கு ஊதியதும்
எண்ணெய்க் கையை மண்ணெண்ணெயால் கழுவி
மேலே சென்ட் பூசி
கோட்டு மாட்டி வருவார்கள் ஃபிட்டர்கள்.
மரத்தரையில் பவுடர் தூவியிருக்கும்.
பாட்டு தொடங்கிய பிறகும்
ரெண்டு சுற்று சும்மாவே நிற்பாள் அவள்,
பஸ்ஸை விட்டுவிட்டவள்போல.
பிறகு ஒரு 'ம்ம்'.
ஆடிக்கொண்டிருப்பவர்கள் அடி தப்புவார்கள்.

டிரம்ஸ், புளியந்தோப்பு ஏகாம்பரம்.
அதற்கு முன் சாவுக்கு அடித்த கை.
'இன்னா பெரிய இங்கிலீஷ் பாட்டு?
நம்ம அடிதான்டா,
சூட்டு போட்டுக்கினு வந்துகீது' என்பான்.

ஜமாலியா முனையில்
அவளுடைய ஹீல்ஸுக்கு ஆணி அடித்தபடி
கன்னியப்பன் கேட்டார்:
'இன்னா பாட்டும்மா பாடுற நீ?'
'சோல்.'
அவர் செருப்பைக் கவிழ்த்து
அடிப்பாகத்தைத் தட்டிக் காட்டினார்.
'இத்தயா?'
எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அவள் சிரிக்கவில்லை.
'அதேதான்.
தேஞ்சா மாத்த முடியாது, அவ்ளோதான்' என்றாள்.
கூலியில் நாலணா குறைத்துக்கொண்டார் அவர்.

அப்புறம் மவுண்ட் ரோட்டில் ஓட்டல்.
சமையல்கட்டு வழியாக உள்ளே போய்
சமையல்கட்டு வழியாகவே வெளியே.
வெங்காய வாசனையோடு மேடையேறிய இரண்டு வருடம்.
அப்புறம் ஒரு இசைத்தட்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்
அந்த 'ம்ம்'மைத் தொண்டைச் சத்தம் என்று நினைத்து
வெட்டி எடுத்துவிட்டார்.
சுத்தமான பாட்டு. நல்ல குரல். யாரோ பாடியது.
நாற்பது தட்டு விற்றது,
அதில் ஆறு நான் வாங்கியது.

அண்ணன்கள் பெர்த்துக்குக் கப்பலேறினார்கள்.
பியானோவை விற்று டிக்கெட் போட்டார்கள்,
அவளுக்கும் ஒன்று.
ஏன் போகவில்லை என்று பெரம்பூரில்
ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
நான் கேட்டதில்லை.
ராயபுரத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில்
டெலிபோன் எடுத்தாள்.
'லைன்ல இருங்க' என்பாள்.
வேலை இல்லாமலே போன் செய்த லாரிக்காரர்கள் உண்டு.

ஏகாம்பரம் செத்தது ஐப்பசியில்.
தெருவில் முழங்கால் தண்ணீர்,
பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு
அதன்மேல் ஐஸ், அதன்மேல் அவன்.
கானா பாடும் பையன்கள் நாலு பேர்,
சட்டி, டோலக்கு, தீப்பெட்டி.
குடையோடு வந்தாள் மாவிஸ்,
ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு.
நான் மைக்கை நீட்டினேன்.
கரண்ட் இல்லை.
நீட்டியபடியே நின்றேன்.

ரெண்டு சுற்று.
'ஆயா பாடுமா, பாடாதா?' என்றான் சட்டி அடித்தவன்.
பிறகு அது வந்தது.
அவன் கை தானாகவே மெதுவாயிற்று.
அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத
ஏகாம்பரத்தின் பெண்டாட்டி,
காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்தவள்,
வாய்விட்டு அழுதாள்.
பெண்டாட்டி அழுத பிறகுதான்
சாவு சாவாயிற்று.

அதற்குப் பிறகு ஒன்பது வீடுகள்.
பேசின் பிரிட்ஜ், கல்மண்டபம்,
காசிமேட்டில் ஒரு படகோட்டி.
காசு வாங்கமாட்டாள்.
டீ, சர்க்கரை தூக்கலாக.
பத்தாவது வீட்டிலிருந்து கூப்பிட வந்தபோது
தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது.
துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்:
வரேன். சும்மா நிக்கிறேன்.
போய் நின்றாள்.

அவளுடைய அடக்கத்துக்கு
காசிமேட்டுக் கல்லறையில் மைக் செட் நானேதான்.
ஃபாதர் வாய் திறக்கும் முன்பே
புனல் ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல்,
தாழ்வாக, விடாமல்.
திரும்பிப் பார்த்தார்.
'எர்த்து சரியில்ல ஃபாதர்' என்றேன்.
ஒயரைத் தொடவில்லை.