இரண்டு சீருடை

சிலோயே தீவில் மழைக்கு வாரவிடுமுறை கிடையாது.
சிப்பித் தொழிற்சாலையில் எனக்கு உண்டு, ஞாயிறு மட்டும்.
சீருடை இரண்டு, இரவுப்பணி ஆறு.
கணக்குப் போட்டுப் பாருங்கள்:
ஒன்று என் மேல் நனைந்துகொண்டிருக்கும்,
மற்றது அடுப்புக்கு மேலே கழியில்
காய்கிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டிருக்கும்.

வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
முதலில் சிப்பிமேல் பழி போட்டேன்.
அப்புறம் மகன் எலாதியோமேல்.
ராத்திரி போட்ட துணியை மறுநாள் மதியம்வரை
மெஷின் வயிற்றிலேயே மறந்துவிடுகிறவன் அவன்.
அப்புறம் சோப்புத்தூள்மேல்.
ஒரு கரண்டி கூட்டினேன், இரண்டு கூட்டினேன்.
நுரை பொங்கியது. வாடையோ
விருந்தாளியாய் வந்து
மருமகனாய்த் தங்கிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மெஷின் கதவோரம்
ரப்பர் உதட்டை விரலால் புரட்டினேன்.
கறுப்பாய்க் கொழகொழவென்று உள்ளே இருந்ததை
பாவமன்னிப்பில்கூடச் சொல்லமாட்டேன்.
கூடவே ஒரு கொண்டை ஊசி,
எலாதியோ தொலைக்கவே இல்லையென்று
சத்தியம் செய்த படகுச் சாவி.

ஒரு கோப்பை வினிகர், வெந்நீர், தேய்ந்த பல்துலக்கி.
வெறும் மெஷினை ஒருமுறை ஓடவிட்டேன்.
பாதித் தூளே போதுமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
அலசலில் போகாத மிச்சம்தான்
துண்டின் இழைக்குள் உட்கார்ந்து
இத்தனை நாளும் ஊசிப்போயிருக்கிறது.

(கம்பளிச் சட்டை வேறு கதை.
அதை வெந்நீரில் போட்டது நானேதான்.
இப்போது வெந்நீர்ப் பைக்கு உறையாக இருக்கிறது,
அளவெடுத்துத் தைத்த மாதிரி.)

நவம்பரில் ஒருநாள், பணி முடிந்து வரும்போது
மேகம் கிழிந்து வெயில் விழுந்தது.
தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன.
யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை,
வாய் நிறையக் கிளிப்.
சட்டைகளை அடிவிளிம்பில் பிடித்துத் தலைகீழாக,
நடுவே காற்று நுழைய விரல்கடை விட்டு
எல்லாவற்றையும் மாட்டினேன்.
கட்டிலில் சும்மா காலை நீட்டினேன்.

ஏழு மணிநேரம்.

விழித்தபோது கூரைத் தகரத்தில் மழை இரைந்தது.
வெறுங்காலோடு ஓடினேன்.
கொடியில் கிளிப்புகள் மட்டும்,
முனைக்கு ஒரு சொட்டாக.

வாசல் பெஞ்சில் ஒரு கூடை,
மேலே உரச்சாக்கு விரித்திருந்தது.
உள்ளே எனக்குப் பழக்கமில்லாத மடிப்பு:
கால்சட்டை மூன்றாக, சட்டைக் கைகள் உள்ளே செருகி,
கப்பலில் குறுகிய பெட்டியோடு வாழ்ந்தவன் மடிப்பு.
முகத்தில் வைத்து மோந்தேன்.
சிப்பி இல்லை, பூஞ்சை இல்லை.
புகை இருந்தது, எங்கள் அடுப்புப் புகையல்ல.
ஆப்பிள் கட்டை எரிப்பவர் இந்தத் தெருவில் ஒருவர்தான்.

ஔதேலியோ ஓயார்சோவும் நானும்
பேச்சு நின்று நாலு வருஷம்.
ஒன்றரை அடி நிலம், ஒரு வேலி.
வழக்கு காஸ்த்ரோ கோர்ட்டில்
இன்னும் காயாமல் கிடக்கிறது.

பாதி ஈரத்தில் எடுத்துப் போனவர்
தன் அடுப்பில் காயவைத்து முடித்திருக்கிறார்,
உள்ளாடை உட்பட.
அதை நினைக்காமலிருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அன்றிரவு பக்கத்து மேசை ஹெர்மோசினா
என் தோளருகே மூக்கை உறிஞ்சி
"புது சோப்பா?" என்றாள்.
ஆமாம் என்று சொல்லி
அடுத்த சிப்பியைத் திறந்தேன்.

இன்று வியாழன்.
வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய விரிப்பு,
ஒற்றைப்படையாய் மூன்று காலுறை.
ஆளைக் காணோம். முன்கதவில் பூட்டு.
படகுத்துறைக்கு மேலே வானம் ஈயமாகிவிட்டது.
தாண்ட ஓர் இடம்கூட விடாமல்
நெருக்கி நெருக்கி நான் அடித்த பலகைகள்.

சமையலறை நாற்காலியை
ஈரப் புல்லில் இழுத்துக்கொண்டு போகிறேன்.