ஆறாவது பங்கு

வாக்காளர் பட்டியலில் நாங்கள் கொழும்பு மாவட்டம்.
கொழும்புக்கு அது தெரியாது.
புவக்பிட்டியில் ரயில் ஒரு மூச்சு விடும், போய்விடும்.
அதற்குள் இறங்கத் தெரியாத வெள்ளைக்காரத் தம்பதியை
அவிசாவளைவரை போய் மீட்டு வந்தான் ரிஸ்மி,
பாண் விற்கிற ஆட்டோவில்,
பாட்டை நிறுத்த மறந்து.
வழியெல்லாம் சனம் சில்லறையோடு ஓடிவந்து
விருந்தாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

போன வருசம்வரை ஐந்து பேருக்கும் ஐந்து பலகை.
குசுமலதாவின் சோறு எண்ணூறு என்றால்
என்னுடையது எழுநூற்றைம்பது.
மறுநாள் அவளுடையது எழுநூறு.
இரண்டு சட்டியிலும் மிஞ்சியதை
ஒரே நாய் தின்று கொழுத்தது.

பிறகு பேசினோம். நீளமாக இல்லை,
மழை விடும்வரை.
அறை என்னுடையது, சாப்பாடு அவளுடையது.
டியூப் கட்டி ஆற்றில் மிதக்கவிடுவது விஜித.
இறப்பர் மரம் வெட்டிப் பால் வடித்துக் காட்டுவது வதனி.
"நாள் சம்பளத்துக்குச் செய்யிற வேலை,
இதை நிண்டு பார்க்கவும் காசா?"
இரண்டு தரம் கேட்டாள்.
மூன்றாம் தரம் கேட்கவில்லை.

கொப்பி என்னிடம்.
முதல் ஞாயிறு பதினாலாயிரத்து இருநூறு.
மேசையில் நோட்டைப் பரப்பியதும்
எல்லோருக்கும் நெஞ்சுவலி மாதிரி ஒரு அமைதி.
பெட்ரோல் கழித்தோம். தேங்காய் கழித்தோம்.
விஜித சொன்னான், ஆற்றுக்கும் ஒரு பங்கு.
"ஆற்றுக்கு பேங்க் புக் இருக்கோ?" என்றாள் வதனி.
ஓயா, அவன் பாஷையில் சின்ன ஆறு.
என் பாஷையில் ஓயாதது.
இரண்டும் தெரிந்த பாவத்துக்கு
நானே கோடு கிழித்து ஆறாவது பெயரை எழுதினேன்:
ஓயா, ஆயிரம் ரூபாய்.

அந்தக் காசுக்கு உரச்சாக்கு வாங்கிக்
கரையில் இறங்கினோம்.
யோகட் கோப்பை, குழந்தைக்குக் கட்டியவை,
ஒற்றைச் செருப்புகள், எல்லாம் இடதுகால்.
பதினேழாவது சாக்கு நிரம்பும்போது
மூங்கில் வேரில் சிக்கி நின்றது ஒரு பலகை.
"சோறு 700."
குசுமலதா சேற்றை வழித்தாள்.
தன் கையெழுத்தைத் தானே வாசித்தாள்.
ஆற்றில் எறிந்தது யாரென்று
நான் சொல்லவில்லை.
அவள் என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை.
நல்ல பலாப்பலகை, என்றாள்,
மறுபக்கத்தில் உன் அறைக்கு அம்புக்குறி போடலாம்.

அம்புக்குறி கொஞ்சம் கோணல்.
நேற்றுத் தெஹிவளையிலிருந்து யாரோ போன்:
சனிக்கிழமை நான்கு பேர், வைஃபை இருக்கா?
இருக்கு என்றுவிட்டேன்.
அதை யார் கணக்கில் போடுவதென்று
இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.