வரி உயரம்

"தங்கச்சி, என்ர கடலில புள்ளி இல்லை"
என்றார் யூட் ரெஜிஸ்,
நிலாவெளியில் நாலு படகு வைத்திருப்பவர்.
"கடலை விக்கிறியளோ எண்டு சனம் கேக்குது."

திறந்து பார்த்தேன்.
ரெஜிஸ கடல சவாரி.
மெய்யெழுத்துகளின் தலையை
யாரோ ஒரே வீச்சில் சீவியிருந்தார்கள்.

வலச்சொடுக்கு. பரிசோதி.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி,
அடியில் கிடந்தது:
வரி உயரம் ஒன்று; மிஞ்சியதை மறை.
இந்தத் தீமைச் செய்தவர் எந்த ஊரோ,
அவர் எழுத்துக்கு மாடி இல்லை.
எங்கள் ஈகாரம் கூரைக்கு மேல் கொக்கி போடும்,
ஊகாரம் நிலவறைக்கு இறங்கும் என்று
அவருக்கு யார் சொல்வது?

அவசரம். மூலக் கோப்பிலேயே கை வைத்தேன்,
ஓடுகிற தளத்தில், இரவு பதினொன்றரைக்கு,
பிரதி எடுக்காமல்.
ஒன்றை ஒன்று தசம் ஏழாக்கினேன்.
புள்ளிகள் வந்து குந்தின
உள்துறைமுக வீதிக் கம்பியில் காகங்கள் போல.

ஒன்பது நாள்.
பத்தாம் நாள் தீமுக்குப் புதுப்பதிப்பு வந்து
தானாக இறங்கி
நான் தொட்டதையெல்லாம் துடைத்துவிட்டுப் போனது.
தீம் என்ற சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்றால்
தீமை.
கோபத்தில்தான் எனக்கு இலக்கணம் ஞாபகம் வரும்.
டச்சுக் குடாவுக்கு நடந்தேன்.
அங்கே புள்ளிமான்கள்
ஒரு புள்ளியும் குறையாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

பிறகு ஒழுங்காய்.
தாய்த் தீமில் விரல் படவில்லை.
பக்கத்தில் ஒரு சேய்த் தீம், என் மாற்றமெல்லாம் அதற்குள்.
மடிக்கணினியில் ஒரு பொய்த் தளம்,
அங்கே எது உடைந்தாலும் ரெஜிஸ் தூங்கலாம்.
கிட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு குறிப்பு:
'சரி'
'இப்ப சரி'
'உண்மையாகவே சரி'.
கிண்ணியாவிலிருந்து சஸ்னா வாசித்துவிட்டு எழுதினாள்,
"மூணு மாசம் கழிச்சு இத நீதான் வாசிக்கணும்."
நாலாவது குறிப்பு:
'தலைப்பில் புள்ளி வெட்டுப்பட்டது, வரி உயரம் கூட்டினேன்.'

எனக்கு முன் வேலை பார்த்தவர்
இம்போர்ட்டன்ட் என்று நாற்பத்தொரு இடத்தில் கத்தியிருந்தார்,
பஸ் நிலையத்தில் எல்லா நடத்துநரும்
ஒரே மூச்சில் கந்தளாய் என்பது போல.
ஒவ்வொருவராய் வாயை மூடவைக்க
இரண்டு இரவு போனது.

புக் என்ற இரண்டெழுத்துக்கு அளந்த பொத்தானில்
'முன்பதிவு செய்க' ஏறவில்லை,
சிங்களச் சொல்லும் ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தது.
அகலத்தை அவிழ்த்துவிட்டேன்.
சொல் எவ்வளவோ, பொத்தான் அவ்வளவு.

நடுப்பகல், இறங்குதுறை,
ரெஜிஸின் கீறல் விழுந்த போன்.
நான் ஆசையாய்த் தேர்ந்த சாம்பல் எழுத்து
வெயிலில் உப்பாய்க் கரைந்தது.
"எழுத்து எங்க?"
சாம்பலைக் கரியாக்கினேன்.
திமிங்கிலப் படம் ஆறு மெகாபைட்,
மேலேயிருந்து வால் மட்டும் வந்து நின்றது;
உடம்பு வருமுன்
பயணிகள் ஆட்டோ பிடித்துவிட்டார்கள்.

ஹரிகேசன் கண் தெரியாதவர், தளத்தைக் காதால் வாசித்தார்.
போன் சொன்னது: படம். படம். படம். பொத்தான்.
"இதில எது திமிங்கிலம்?" என்று கேட்டார்,
கேலியில்லாமல்.
பத்தொன்பது படத்துக்கும் அன்றே விவரம் எழுதினேன்:
வால் தூக்கி இறங்கும் நீலத் திமிங்கிலம், பின்னால் ஒரு சிவப்புப் படகு.

சித்திரையில் மறுபடி ரெஜிஸ்.
"படகுக்கெல்லாம் மஞ்சள் அடிச்சிட்டன்.
அதில நீலம் இனி வேண்டாம்."
நிறத்துக்கு ஒரே இடத்தில்தான் பெயர் வைத்திருந்தேன்.
ஒரு வரி மாற்ற,
பொத்தான், பட்டி, தலைப்பின் பின்புலம்
எல்லாம் மஞ்சளாயின, தேநீர் ஆறுமுன்.

மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து.
புள்ளியெல்லாம் இருக்கிறது,
யாருக்குத் தெரியும் என்பதுதான்.
நாளைக்கு மறுபடி
நடுப்பகல், இறங்குதுறை.